பாலூட்டும் அன்னைக்கு உணவளிப்பது யார் கடமை?

மதீனா நகரின் தொழுகைத் திடலில் வணிகர் கூட்டமொன்று வந்து இரவு தங்கியிருந்தது. கள்வர் அணுகாவண்ணம் அவர்களுக்குக் காவலாகக் கலீஃபா உமர் (ரலி) அவர்களும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் விழித்திருந்தார்கள். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. உமர் (ரலி) அவர்கள் சென்று, பிள்ளையைக் கவனிக்குமாறு தாயிடம் சொல்லித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை; மீண்டும் சென்றார்கள். இரவின் கடைசிப் பகுதியிலும் அழுகை ஓயாதது கண்டு, நல்ல தாயாக இல்லையே என்று அப்பெண்ணைக் கடிந்தும் கொண்டார்கள். கேட்பவர் யாரென அறியாத அந்தத் தாய், பால்குடி மறந்த பிள்ளைகளுக்கே உமர் உதவித்தொகை அளிக்கிறார், அதனால்தான் பாலை மறக்கச் செய்கிறேன் என்றார். குழந்தைக்கோ சில மாதங்களே ஆகியிருந்தன.

அன்றைய வைகறைத் தொழுகையில் அழுகை மிகுந்து, கலீஃபாவின் ஓதல் பின்னிருந்தோருக்கு விளங்கவில்லை. தம் ஆணையால் எத்தனை பிள்ளைகள் மாண்டனவோ என்று கலங்கிய அவர்கள், பிறந்த நாள் முதலே உதவித்தொகை உண்டென அறிவிக்கச் செய்தார்கள். இப்னு ஸஅத் அவர்களின் வரலாற்று நூல் இச்செய்தியைத் தருகிறது.

தாயைக் கடிந்தவரே, குறை தம் சட்டத்தில் இருப்பதைக் கண்டு அதனைத் திருத்தினார்கள். நம் இல்லங்களில் கடிதல் மட்டும் நிலைத்துவிட்டது. பிள்ளை மெலிந்தால் பழி மருமகள் மீது விழுகிறது. அவள் என்ன உண்டாள் என்று கேட்பார் இல்லை.

திருமறையின் அல்பகரா அத்தியாயம் 233ஆம் வசனம், நிறைவாகப் பாலூட்ட விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகளை வகுத்து, அதே மூச்சில் அத்தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. முன்னதாகப் பால் மறக்கச் செய்வதாயின் இருவரும் கலந்து பேசி மனம் ஒப்ப வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டும், பின்னர் பிற உணவுகளுடன் 2 ஆண்டுகளும் அதற்கு மேலும் பாலூட்டல் என்றே கூறுகிறது.

நடைமுறையில் நாம் காண்பது என்ன? தலைப்பிரசவச் செலவு பெண்வீட்டார் தலையில். கருவுற்றவள் எல்லாரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்கிறாள். பிள்ளை பெற்றபின் பத்தியம் என்ற பெயரில் கீரையும் பழமும், சில வீடுகளில் தண்ணீரும்கூட மறுக்கப்படுகின்றன. இரத்தசோகைக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரைகள் அலமாரியில் உறங்குகின்றன. நோய் தடுக்கும் சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுத் தேன் தொட்டு வைப்பாரும் உளர். தேனில் நிவாரணம் உண்டென்பது மறைவாக்குதான். ஆயினும் ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் அரிதாக உயிருக்கே ஊறு செய்யும் என மருத்துவர் எச்சரிக்கின்றனர். 6 மாதத்திற்குப்பின் குழைந்த பருப்புச் சோறும், கேழ்வரகுக் கூழும், முட்டையும், முள் நீக்கிய மீனும் எந்த ஏழை வீட்டிலும் சிறிதளவேனும் இயலக்கூடியவையே.

ரமலானில் வேறொரு துன்பம். கருவுற்றவளுக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பில் சலுகை உண்டென்பது நபிமொழி. அதனை ஏற்பவளை ஏளனமாகப் பார்க்கும் பெரியவர்கள், மார்க்கம் தந்ததைப் பறிப்பவர்கள் ஆகின்றனர். விடுபட்ட நோன்புக்குப் பின்னர் செய்யவேண்டியதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம்.

மணமுறிவு நேரும் இடத்தில் இக்கொடுமை உச்சம் பெறுகிறது. கருவுற்றிருக்கும் மனைவிக்குப் பிள்ளைப்பேறு வரை செலவு செய்யவும், பிரிந்தபின் பாலூட்டினால் அதற்குரிய ஊதியம் தரவும் தலாக் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஆனால் ஜமாஅத்தில் வழக்கு வரும்போது மஹரும் நகையும் பாத்திரமும் நள்ளிரவு வரை பேசப்படுகின்றன. கைக்குழந்தையோடு நிற்பவளின் மாதச் சாப்பாட்டுச் செலவு பேச்சிலேயே வருவதில்லை. தொகை எவ்வளவு, எந்தத் தேதியில், யார் கையில் என்பதைப் பள்ளிவாசல் பதிவேட்டில் எழுதி, தந்தையிடம் கையொப்பம் பெற்ற பின்னரே பிற கணக்குகளை எடுப்பது நிர்வாகிகளால் இயலாத காரியமன்று.