28 அடி வீட்டை இழுத்துக்கொண்டு மலையேறும் மகானுபாவர்களுக்கு

மக்களே, கொஞ்சம் காட்டமான பதிவு. பிடிக்காதவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம். :-)

போன வாரம் நம்ம நண்பர்கள் வாட்ஸப் குழுவில் ஒருத்தர் கேட்டார். "புதுசா பிக்கப் ட்ரக் வாங்கியாச்சு. 30 அடி கேம்பர் ட்ரெய்லர் ஒண்ணு எடுத்துக்கிட்டு குடும்பத்தோட கொலராடோ மலைப்பக்கம் போலாம்னு இருக்கோம். சரியா வருமா?" அவ்வளவுதான். பத்து நிமிஷத்துல வரிசையா கட்டைவிரல். "உங்க ட்ரக் 10,000 பவுண்டு இழுக்கும் தல, ஜமாய்ங்க." "ஸ்பெஷல் லைசென்ஸ் எல்லாம் வேணாம் பாஸ், கார் லைசென்ஸே போதும்." "போட்டோ போடுங்க அண்ணாச்சி."

ஒருத்தர்கூட "அதை நிறுத்தத் தெரியுமா?" என்று கேட்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம். மலை ரோட்டில் இழுக்கிறது ஒரு பிரச்சனையே இல்லை. எஞ்சின் பாத்துக்கும். முக்கி முனகி 35 மைல் வேகத்திலாவது மேல கொண்டு போய்ச் சேர்த்துடும். இறங்கும்போது நிறுத்துறதும், வளைவுல திருப்புறதும்தான் பிரச்சனை. இந்த ரெண்டையும் சொல்லிக்கொடுக்காம, ஓட்டிக் காட்டச் சொல்லாம, கார் லைசென்ஸ் வெச்சிருக்கிற எவன் கையிலயும் ஒரு முழு வீட்டைக் கோத்து அனுப்புற ஏற்பாடு இருக்கே, அது அயோக்கியத்தனம். இதைச் சொல்ல உனக்கென்ன யோக்கியதைன்னு கேட்டா, அப்படிக் கோத்து அனுப்பப்பட்டவன்ல நானும் ஒருத்தன்.

சரி, கொசுவத்தியைச் சுத்துறேன்.

2022 ஜூன். என்கிட்ட 28 அடி ட்ரெய்லர். வித்தவர் சொன்னது: "உங்க ட்ரக்கோட இழுவைத் திறன் 9,500 பவுண்டு, இது சாமானோட சேர்த்தே 7,500 தாண்டாது, கண்ணை மூடிக்கிட்டு போகலாம்." (கண்ணை மூடிக்கிட்டுதான் போனேன்.) நான், தங்கமணி, ரெண்டு பசங்க, ஊர்ல இருந்து வந்திருந்த மாமியார். டுராங்கோவில் இருந்து யூரேக்கு 550ஆம் நெடுஞ்சாலை. சில்வர்டனுக்கும் யூரேக்கும் நடுவுல சுமார் 25 மைலுக்கு "மில்லியன் டாலர் ஹைவே"ன்னு பேரு. அதுல ரெட் மவுண்டன் பாஸ் 11,018 அடி உயரம். அங்கிருந்து யூரே 7,792 அடிக்கு இறங்கணும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பாதாளம். பல இடத்துல தடுப்புக் கம்பி கிடையாது. குளிர்காலத்துல பனியைத் தள்ளிவிட இடம் வேணும்னு வைக்கலையாம்.

ஏறும்போது ஒரு கஷ்டமும் இல்லை. ஏசி போட்டுக்கிட்டு, ராஜா பாட்டு கேட்டுக்கிட்டு ஏறினோம். உச்சியைத் தாண்டி இறங்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல மாமியார்தான் முதல்ல சொன்னாங்க. "மாப்ளே, ஏதோ ரப்பர் கருகுற வாசனை வருதே?" நான் எஞ்சின் சூடுன்னு நினைச்சேன். அடுத்த வளைவுல பிரேக்கை மிதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது. வண்டி கேக்கவே மாட்டேங்குது. கையில கிடைச்ச கியரை எல்லாம் கீழே தள்ளி, எஞ்சின் அலற அலற, அயர்ன்டன் என்கிற சமதளம் வந்ததாலதான் நிக்க முடிஞ்சுது. சக்கரத்துக்கிட்ட கையைக் கொண்டு போக முடியலை, அவ்வளவு அனல். ஒண்ணரை மணி நேரம் அங்கேயே உக்காந்திருந்தோம். பசங்களுக்கு பிக்னிக். எனக்கு வயித்துல புளி.

இதுல ஒரு சின்னக் கணக்கு இருக்கு. ட்ரக்கும் ட்ரெய்லரும் ஆளும் சாமானும் சேர்ந்து கிட்டத்தட்ட 6,200 கிலோ. அது 3,200 அடி கீழே இறங்கும்போது வெளிவர்ற சக்தி எங்கயாவது போயாகணும் இல்லையா? பள்ளிக்கூட பிசிக்ஸ்தான். எடை பெருக்கல் ஈர்ப்பு பெருக்கல் உயரம். சுமார் 60 மில்லியன் ஜூல். நம்ம பாஷையில சொன்னா, 190 லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு. பன்னிரண்டு, பதிமூணு குடம் தண்ணி! காத்தும் எஞ்சினும் ஒரு பங்கை வாங்கிக்கும். மிச்சம் மொத்தமும் நாலு சக்கரத்துல இருக்கிற தட்டுல இறங்கும். நான் கியரைக் குறைக்காம பிரேக்கை மிதிச்ச மேனிக்கு வந்ததால எஞ்சினோட பங்கு கிட்டத்தட்ட பூஜ்யம். ட்ரெய்லருக்குன்னு தனியா எலெக்ட்ரிக் பிரேக் உண்டு. அது எவ்வளவு பிடிக்கணும்னு ஒரு குமிழ் திருகி வைக்கணும். அது ரொம்பக் குறைச்சலா வெச்சிருந்திருக்கு. அப்படி ஒரு குமிழ் இருக்கிறதே எனக்கு அயர்ன்டன்ல கையேட்டைப் புரட்டினப்பதான் தெரியும். வெட்கக்கேடு.

இதுல கொடுமை என்னன்னா, எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சின்ன வயசுல ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு பஸ்ல எத்தனையோ தடவை போயிருக்கேன். நாப்பது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போர்டு. டிரைவர் அண்ணன் பக்கத்துல உக்காந்து கேட்டா சொல்லுவார், "எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கணும் தம்பி, பிரேக்கை நம்பாதே." இங்க கமர்ஷியல் லாரி ஓட்டுறவங்களுக்கு வர்ற கையேட்டுலயும் இதே சாரம்தான். இறக்கத்துக்கு முன்னாடியே கியரைக் குறை. பிரேக்கை விடாம தேய்க்காதே. வேகம் எல்லையைத் தொட்டா அழுத்தமா மிதிச்சு 5 மைல் குறைச்சிட்டு காலை எடு, திரும்ப எல்லைக்கு வந்தா மறுபடியும் மிதி. லாரிக்காரனுக்குப் பரீட்சையில கேப்பாங்க. எனக்கு யாரு கேட்டா?

அயர்ன்டனோட முடிஞ்சிருந்தா இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். நம்ம முட்டாள்தனம், நம்ம தலையெழுத்துன்னு போயிருப்பேன். அதுக்கு அப்புறம்தான் நிஜமான பள்ளத்தாக்கு வருது. முதல் கியர்ல நத்தை மாதிரி இறங்குறேன். கீழே வர்ற எனக்குப் பாறைப்பக்கம், மேலே ஏறுறவங்களுக்குப் பாதாளப்பக்கம். ஒரு இடது வளைவு. ட்ரக்கை ஒழுங்கா என் கோட்டுக்குள்ளதான் திருப்பினேன். ஆனா நீளமான ட்ரெய்லரோட சக்கரம் ட்ரக் போன தடத்துல வராது, வளைவோட உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். இடது வளைவுன்னா உள்பக்கம் எது? எதிர் வரிசை. கண்ணாடியில பாக்கிறேன், ட்ரெய்லர் மஞ்சள் கோட்டைத் தாண்டி நிக்குது. எதிர்ல ஒரு பழைய செடான். வயசான அம்மா ஓட்டிக்கிட்டு வர்றாங்க, பக்கத்துல அவங்க வீட்டுக்காரர். அவங்களுக்கு அந்தப் பக்கம் தடுப்புக் கம்பி இல்லை, ஒண்ணுமே இல்லை. அந்தம்மா வெள்ளைக் கோடு வரைக்கும் ஒதுங்கி வண்டியை நிறுத்திட்டு, ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு நேராப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஹாரன்கூட அடிக்கலை. என் வீடு அவங்க கண்ணாடியை ஒரு சாண் இடைவெளியில உரசாம போச்சு.

அந்த முகம் இன்னும் தூக்கத்துல வருது சாமி.

அதனால "என் வண்டி, என் உயிர், என் இஷ்டம்"னு யாராவது சுதந்திரம் பேசிக்கிட்டு வந்தா எனக்குப் பொறுக்கறதில்லை. ஓரத்துல நிக்கிறது நீ இல்லை.

ஊருக்குத் திரும்பினதும் ட்ரக் ஸ்டாப் எடைமேடையில வண்டியை ஏத்தினேன். இருபது டாலருக்குள்ள முடிஞ்ச வேலை, வாங்குறதுக்கு முன்னாடி செஞ்சிருக்கணும். டிரைவர் கதவைத் திறந்தா ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ட்ரக் மேல மொத்தமா எவ்வளவு சுமை ஏத்தலாம்னு. என்னோடது 1,480 பவுண்டு. ட்ரெய்லரோட மூக்கு ட்ரக் மேல அழுத்துற எடையும் அதுலதான் சேரும். பொதுவா ட்ரெய்லர் எடையில 10 முதல் 15 சதம். எனக்கு 960. ஆளுங்க அஞ்சு பேர் 720. ஹிட்ச் 90. பின்னாடி ஜெனரேட்டர், விறகு, ஐஸ் பெட்டி, மாமியாரோட அரிசி மூட்டை எல்லாம் சேர்த்து 250. கூட்டுங்க. 2,020. அதாவது 540 பவுண்டு ஓவர். "9,500 இழுக்கும்"னு சொன்னவர் இந்த ஸ்டிக்கரைப் பத்தி மூச்சு விடலை. அவர் பொய்யும் சொல்லலை, அதான் இதுல சாமர்த்தியம்.

அந்த இழுவைத் திறன் எண் எப்படி வருது தெரியுமா? ஜே2807ன்னு ஒரு தர அளவு. அரிசோனாவில டேவிஸ் அணைப் பக்கத்துல இருக்கிற நீளமான ஏற்றத்துல, கோடை வெயில்ல, ஏசியைப் போட்டுக்கிட்டு குறிப்பிட்ட வேகம் குறையாம ஏறிக் காட்டணும். நல்ல கடுமையான சோதனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா வண்டிக்குள்ள தலா 150 பவுண்டுல ரெண்டே பேர்னு கணக்கு. கொண்டை ஊசி வளைவெல்லாம் சிலபஸ்லயே கிடையாது. அந்த எண்ணைத்தான் நாம வாட்ஸப்புல மந்திரம் மாதிரி ஓதிக்கிட்டு இருக்கோம்.

"லாரி எல்லாம் தினமும் அதே மலையில போகலையா?" இது நம்ம குழுவில வந்த அடுத்த அறிவு. போகுது ராசா. அவனுக்குத் தனி லைசென்ஸ், எஞ்சின் பிரேக், எடைச் சாவடி, பிரேக் சோதனை எல்லாம் இருக்கு. எடைச் சாவடியை நாம கையாட்டிக்கிட்டே தாண்டிப் போறோம். அத்தனை இருந்தும் அவனுக்கே பிரேக் போகும்னுதான் வுல்ஃப் க்ரீக் பாஸ்ல தறிகெட்ட லாரி ஏறி நிக்க சரளைக்கல் சரிவு போட்டு வெச்சிருக்காங்க.

ரோட்டைத் தெரிஞ்சவங்க சில இடத்துல கறாராத்தான் இருக்காங்க. மொன்டானாவில க்ளேசியர் பூங்காவோட கோயிங்-டு-த-சன் ரோட்டுல மலைப்பகுதிக்குள்ள 21 அடிக்கு மேல நீளம் இருந்தா, கண்ணாடியோட சேர்த்து 8 அடிக்கு மேல அகலம் இருந்தா அனுமதியே இல்லை. கலிஃபோர்னியாவில 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்குத் தனி லைசென்ஸ் வேணும். அங்கேயே ரெண்டு வழி ரோட்டுல உனக்குப் பின்னாடி அஞ்சு வண்டி சேர்ந்துட்டா ஒதுங்கி வழி விடணும்னு சட்டம். (எத்தனை பேர் விடுறாங்கன்னு கேக்காதீங்க. அது தனிப் பதிவு.) ஆனா பெரும்பாலான மாநிலங்கள்ல என் மாதிரி 7,400 பவுண்டு கேஸை யாரும் ஒரு கேள்வி கேக்கறதில்லை.

ஜெர்மனியில சாதா கார் லைசென்ஸ்ல இழுக்கிற எடைக்கு எல்லை இருக்கு. கொஞ்சம் மேல போகணும்னா 7 மணி நேரப் பயிற்சி, பரீட்சைகூட இல்லை. அதுக்கும் மேலன்னா ஓட்டிக் காட்டிப் பாஸ் பண்ணணும். நான் இழுத்த எடைக்கு நிச்சயம் பரீட்சைதான். பிரிட்டன்ல 2021 டிசம்பர்ல அந்தப் பரீட்சையைத் தூக்கிட்டாங்களேன்னு ஒரு நண்பர் மடக்கினார். தூக்கினாங்க. ஏன்? லாரி டிரைவர் பஞ்சம் வந்து, பரீட்சை வைக்கிற ஆளுங்க நேரம் அங்க தேவைப்பட்டுச்சு. ட்ரெய்லர் இழுக்கிறது திடீர்னு சுலபமாயிடுச்சுன்னு இல்லை.

நான் கேக்கிறது ஜெர்மன் பரீட்சைகூட இல்லை. ஏழு மணி நேரம். நாப்பதாயிரம் டாலர் போட்டு வாங்குறவனுக்கு ஒரு சனிக்கிழமை. பிரேக் குமிழ் எங்கன்னு காட்டு, எடைமேடையில ஏத்து, ஒரு இடது வளைவுல பின்சக்கரம் எங்க போகுதுன்னு பாக்க வை. வாட்ஸப் நண்பருக்கும் இதையே எழுதினேன். கூடவே, டுராங்கோவில இருந்து யூரே போகணும்னா 145ஆம் ரோட்டுல லிசர்ட் ஹெட் பாஸ் வழியா சுத்திப் போங்க, தூரம் அதிகம் ஆனா மலை மென்மையா இருக்கும்னு சொன்னேன். "நீங்க ரொம்ப பயப்படுறீங்க ஜி"ன்னு ஒரு சிரிப்பான் வந்துச்சு. நல்லது.

நம்ம 28 அடியை அந்த வருஷமே வித்துட்டேன். இப்ப 17 அடி. மொதல்ல பாக்க வந்த தம்பி ஒரு நடுத்தர எஸ்யூவியில வந்தார், பின் சீட்டுல கைக்குழந்தை. கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படிச்சுக் காட்டி, கணக்குப் போட்டு, உங்களுக்கு விக்க மாட்டேன்னு சொன்னேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார். தங்கமணி என்னை முறைச்ச முறைப்பைக் கேக்காதீங்க. சாயந்திரம் அவர்கிட்ட இருந்து ஒரு படம் வந்துச்சு. வேற கடையில எடுத்துட்டாராம். 30 அடி.