ஆங்கிலச் சிறுசொற்களும் தமிழ் வகுப்பும்

ஆங்கிலம் பயிலும் முறை பற்றித் தமிழாசிரியர் கருத்துரைக்கப் புகுவது பொருந்துமோ என்று அன்பர் சிலர் ஐயுறுதல் கூடும். பொருந்தும் என்பதே எம் துணிபு. எம் மாணாக்கர் ஆங்கிலம் எழுதுகையில் அடிக்கடி இடறுவது அருஞ்சொற்களில் அன்று. 'ஏ', 'ஆன்', 'த' என்னும் மூன்று சிறு சொற்களிலேயாம். அவற்றைக் கற்கும் வழியிற் பாதி தமிழிலக்கணத்திலேயே கிடக்கின்றது. கிடப்பதை மாணாக்கனுக்கு எடுத்துக் காட்டுவார்தாம் அரியர்.

1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழியாக வகுத்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளரும் எம் பிள்ளைகளுக்கு அம்மொழி வங்கியிலும் நேர்முகப் பரீட்சையிலும் எதிர்ப்படுகின்றது. கீறிட்ட இடத்தை நிரப்புக என்றால் பத்துக்குப் பத்துப் பெறும் மாணாக்கன், விடுமுறை கேட்டு நான்கு வரிக் கடிதம் எழுத அஞ்சுகின்றான். 'த' போடாத இடத்திற் போட்டான் என்று ஒருமுறை சிரித்துவிட்டாற் போதும். பின்பு அவன் வாய் திறவான். இதனையே நாம் பெரிய இழப்பாகக் கருதுகின்றோம்.

'ஒரு மாடு', 'ஓர் ஆடு' என்று கீழ் வகுப்பிலேயே கற்பிக்கின்றோம். உயிர் முன் 'ஓர்'. மெய்யும் உயிர்மெய்யும் முன் 'ஒரு'. 'ஏ', 'ஆன்' இரண்டிற்கும் விதி இதுவே. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றாயும் ஒலி வேறாயும் இருத்தலால் மயக்கம் நேர்கின்றது. அதற்கும் மருந்து தமிழ் நெடுங்கணக்கில் உண்டு. ஐயம் வந்த சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிப் பார்க்க. 'யூனிவர்சிற்றி' உயிர்மெய்யில் தொடங்குகின்றது, ஆகவே 'ஏ'. மணித்தியாலத்தைக் குறிக்கும் 'அவர்' உயிரில் தொடங்குகின்றது, ஆகவே 'ஆன்'. 'எம்.ஏ.' பட்டத்திற்கும் 'ஆன்' என்பது தானே விளங்கும். (எம் செய்தித்தாள்கள் 'ஒரு ஆண்டு' என்று கூசாமல் அச்சிடுகின்றன. இவ்விதி அங்கே தளரத் தளர, ஆங்கில வகுப்பில் எம் பிள்ளைகளுக்கு உதவும் ஊன்றுகோல் ஒன்று போகின்றது.)

இனி, 'த'. தமிழில் இதற்கு நிகரான தனிச்சொல் இல்லை. இலத்தீனுக்கும் உருசிய மொழிக்குந்தான் இல்லை. ஆனாற் பொருள் வேறுபாடு எம்மிடம் உண்டு. 'புத்தகம் வாங்கி வா' என்று தந்தை பணித்தால், மகன் ஏதேனும் ஒன்றை வாங்கி வரலாம். 'புத்தகத்தை வாங்கி வா' என்றாலோ, இருவரும் அறிந்த அந்தப் புத்தகமே வரவேண்டும். உருபு தொக்க இடம் 'ஏ'. விரிந்த இடம் 'த'. உயர்திணைக்கு இக்கணக்கு ஒவ்வாது, எழுவாய்க்கும் உதவாது. ஆயினும் தொடங்கும் சிறுவனுக்கு இது நல்ல பிடி.

கொழும்புப் பிள்ளைக்கு இன்னுமொரு துணை உண்டு. சந்தையிற் சிங்களம் நாள்தோறும் அவன் காதில் விழுகின்றது. சிங்களத்தில் 'பொத' என்பது குறித்த புத்தகம். 'பொதக்' என்பது ஏதோ ஒரு புத்தகம். தமிழ் அறிந்த பொருளுக்கு உருபு சேர்க்கும். சிங்களம் அறியாப் பொருளுக்கு ஈறு சேர்க்கும். ஆங்கிலமோ இரண்டிற்கும் ஒவ்வொரு சொல்லை முன்னே நிறுத்தும். இவ்வளவுதான் செய்தி.

மரபுத்தொடர்களின் கதை வேறு. 'கண்ணும் கருத்துமாக' என்கின்றோம். 'கருத்தும் கண்ணுமாக' என்பார் இல்லை. ஏன் என்று எவரும் கேட்பதில்லை. அவ்வாறே ஆங்கிலத் தொடரையும் முழுமையாகவே நெஞ்சிற் கொள்ளல் வேண்டும். 'பை பஸ்' என்பதனிடையே 'ஏ'யும் புகாது, 'த'வும் புகாது. 'கோ ற்று ஸ்கூல்' என்றால் படிக்கப் போதல்; 'கோ ற்று த ஸ்கூல்' என்றால் பிள்ளையின் தந்தை பள்ளிக் கட்டடத்திற்கு ஓர் அலுவலாகப் போதலுமாம். காலி வீதியில் 'இன் ஃபுரொன்ற் ஒஃப் த பஸ்' நிற்பவன் பஸ்ஸின் எதிரே நிற்கின்றான். 'இன் த ஃபுரொன்ற் ஒஃப் த பஸ்' இருப்பவன் உள்ளே முன்பக்கத்தில் அமர்ந்திருக்கின்றான். ஒரு 'த' தவறினால் உயிருக்கே மோசம்! 'ஏ ஃபியூ' என்றால் நண்பர் சிலர் உளர். 'ஃபியூ' என்றால் இல்லையென்னும்படி குறைவு. 'ரெல் த ட்றூத்', ஆனால் 'ரெல் ஏ லை'. உண்மை ஒன்றே, பொய் பல என்பது போலும்!

ஆங்கில வகுப்பில் ஆங்கிலமே ஒலித்தல் வேண்டும் என்பாரை நாம் மறுக்கவில்லை. காது பழகாமல் மொழி வராது. எனினும் கிழமைக்கு ஒரு கால்மணி நேரம், தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே வகுப்பில் நின்று இவற்றை ஒப்பிட்டுக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? பழைய மாணவர்களிடமும் ஒரு விண்ணப்பம். அலுவலகங்களில் தாங்கள் நாள்தோறும் எழுதும் ஆங்கிலத் தொடர்களுள், தலைக்கு இருபதை, அவை வரும் முழு வாக்கியத்தோடு எழுதி அனுப்புவார்களாயின், எம் ஒன்பதாம் வகுப்பாருக்கு வேறு பயிற்சிநூல் தேடவேண்டியதில்லை.