பிள்ளை பிறந்தது, ஆபத்து தீரவில்லை!

அமெரிக்காவில் டென்னசி என்று ஒரு மாநிலம். அங்கே 2014-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. கர்ப்பிணிப் பெண் திருட்டுத்தனமாக அபின் வகைப் போதை மருந்து சாப்பிட்டு, அதனால் குழந்தைக்குக் கேடு வந்தால், தாய் மீது வழக்குப் போடலாம். ஜெயிலுக்கும் அனுப்பலாம்!

குழந்தையைக் காப்பாற்றத்தான் சட்டம் என்றார்கள். பெண்களோ பயந்து, டாக்டரிடம் போவதற்கே தயங்கினார்கள். 2016-ல் சட்டம் காலாவதி ஆகிவிட்டது. நல்ல வேளை!

ஆனால் பயம் போகவில்லை. உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பிரித்து விடுவார்களோ என்று இன்றும் பல தாய்மார்கள் வாய் திறப்பதில்லை.

பழைய அளவே எமன்

கர்ப்ப காலத்தில் பல பெண்கள் குழந்தைக்காகப் பழக்கத்தை விட்டுவிடுகிறார்கள். அப்போது போதை மருந்தைத் தாங்கும் சக்தி உடம்புக்குக் குறைந்து விடுகிறது. பிள்ளை பிறந்தபின் தூக்கம் இல்லை. மனம் சோர்கிறது. பார்க்க வருகிறவர்கள் குழந்தையைத்தான் கொஞ்சுகிறார்கள். தாயை யார் கேட்கிறார்கள்?

ஒரு நாள் பழைய ஆசை வருகிறது. பழைய அளவையே சாப்பிடுகிறாள். மூச்சு அடங்கி விடுகிறது. இப்போது விற்கும் சரக்கில் பென்டனில் கலந்திருக்கிறது. அது ஹெராயினைப்போல 50 மடங்கு வீரியம் உள்ளது.

மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஆராய்ந்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பிரசவமாகி 7 மாதம் முதல் 12 மாதம் வரைதான் ஆபத்து மிக அதிகம்! ஏழைக் கர்ப்பிணிகளுக்கான அரசாங்க மருத்துவ உதவியோ, முன்பு பிரசவமாகி 60 நாளில் நின்றுவிடும். 2022 முதல் பெரும்பாலான மாநிலங்கள் அதை ஓர் ஆண்டாக நீட்டின. இதை முன்பே செய்திருக்க வேண்டாமா?

கையில் கொடுங்கள்

மெதடோன், புப்ரினார்பின் என்று இரண்டு மருந்துகள் உண்டு. டாக்டர் மேற்பார்வையில் கர்ப்பிணியும் சாப்பிடலாம். போதை வெறி அடங்கும். பிரசவத்துக்குப் பிறகும் இதை நிறுத்தக்கூடாது. பிறந்த குழந்தைக்கு நடுக்கம் வரலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

நலாக்சோன் என்பது மூக்கில் பீச்சும் மருந்து. நின்றுபோகும் மூச்சைத் திருப்பும். 2023 முதல் அமெரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமலே விற்க அனுமதி உண்டு. பிரசவித்த பெண் வீடு திரும்பும்போதே ஆஸ்பத்திரியில் இதைக் கொடுத்தனுப்ப வேண்டும். புருஷனுக்கும், தாயாருக்கும் பீச்சக் கற்றுத்தர வேண்டும். மயங்கிக் கிடப்பவள் தானே பீச்சிக்கொள்ள முடியாதே! பீச்சியதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். மருந்தின் சக்தி ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்து, மூச்சு மறுபடியும் அடங்கக்கூடும்.