ஏறும் முன் ஓர் இரவு, இறங்கிய பின் ஓர் இரவு

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மகன் அவரையும் அவர் மாமியாரையும் உல்லாசக் கப்பலில் அழைத்துப் போகப் போகிறானாம். ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்தில் ஏறி, ஒரு வாரம் கழித்து அங்கேயே இறங்க வேண்டும். "முதல் நாளும் கடைசி நாளும் தங்க ஓட்டல் பார்க்கிறான் பையன். கடலைப் பார்த்த ஓட்டலா, துறைமுகத்துக்குப் பக்கத்து ஓட்டலா என்று என்னைக் கேட்கிறான். எனக்கென்ன தெரியும்? நீங்கள் போய் வந்தவராயிற்றே!" என்று கேட்டிருக்கிறார்.

போய் வந்தவள்தான். போய், தப்பாகத் தங்கி, பட்டு வந்தவள். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

2024 ஏப்ரலில் நியூஜெர்சியில் இருக்கும் எங்கள் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்களைக் கப்பலுக்கு அழைத்துப் போனார்கள். கப்பல் கிளம்பும் நாளன்றே விமானத்தில் போய் இறங்கக் கூடாது, ஒரு நாள் முன்னாலேயே ஊருக்குப் போய்விட வேண்டும் என்று மாப்பிள்ளை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அது நூற்றுக்கு நூறு சரி. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. ஆக, ஏறும் முன் ஓர் இரவு, இறங்கிய பின் ஓர் இரவு. முதல் ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு, இரண்டாவது மாப்பிள்ளைக்கு.

"அம்மா, நீயே படத்தைப் பார்த்துச் சொல்லும்மா" என்றாள் பெண். பார்த்தேன். ஒன்பதாவது மாடி, பால்கனி, எதிரே நீலக் கடல். வேறென்ன வேண்டும்? "இதேதான்!" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஊரின் அமைப்பை அன்று யாராவது எனக்கு ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டியிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். உங்களுக்காக இப்போது சொல்கிறேன். ஃபோர்ட் லாடர்டேல் முழுக்க வாய்க்கால்கள். "அமெரிக்காவின் வெனிஸ்" என்று பெருமையாகச் சொல்லிக் கொள்கிறார்கள். கடற்கரை ஒரு நீளமான மணல் திட்டு. அதற்கும் ஊருக்கும் நடுவே படகுகள் போகும் நீர்வழி ஒன்று வடக்கு தெற்காக ஓடுகிறது. விமான நிலையமும், போர்ட் எவர்கிளேட்ஸ் என்கிற துறைமுகமும் ஊர்ப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று பத்து நிமிஷ தூரத்தில் இருக்கின்றன. கடற்கரை ஓட்டலில் தங்கினால் துறைமுகத்துக்கு வரப் பாலம் தாண்டியாக வேண்டும். பெரும்பாலும் 17வது தெருப் பாலம். உயரமான பாய்மரப் படகு வந்தால் அந்தப் பாலம் நடுவில் பிளந்து மேலே தூக்கிக் கொள்ளும், நம் பாம்பன் ரயில் பாலம் அந்தக் காலத்தில் திறந்த மாதிரி. தேவைப்பட்டால் ஒவ்வொரு மணிக்கும் அரை மணிக்கும் திறப்பார்கள். பார்க்க வேடிக்கைதான், கையில் கப்பல் டிக்கெட் இல்லாதவருக்கு!

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரவு பத்து மணி. கடல் கறுப்பாக இருந்தது. கடற்கரை விளக்குகளைக்கூட மங்கலாக வைத்திருந்தார்கள். மார்ச் முதல் அக்டோபர் வரை அங்கே கடலாமைகள் முட்டையிடும் காலமாம். வெளிச்சம் பட்டால் குஞ்சுகள் கடலுக்குப் போக வழி தெரியாமல் தவிக்குமாம். ஆமைக்கு நல்லது, வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் கடலைப் பார்க்கக் கொடுத்த காசு போன இடம் தெரியவில்லை.

காலையில்தான் விபரீதம். என் கணவருக்குச் சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஊசி போட்டுக் கொள்வார். வழக்கம் போல் அறையிலேயே போட்டுக் கொண்டு கீழே போனோம். லிப்டுக்கே கால் மணி காத்திருந்தோம். கப்பலுக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் பெட்டிகளோடு ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். சாப்பாட்டு அறை வாசலில் பெரிய வரிசை. அதற்குள் பெண், "டாக்ஸி வந்தாச்சும்மா, கப்பல்ல போய் நல்லா சாப்பிட்டுக்கலாம். பதினோரு மணிக்கு நமக்கு நேரம் கொடுத்திருக்காங்க" என்றாள். இவரும், "பரவாயில்லை, வா" என்று கிளம்பிவிட்டார். ஊசி போட்டாயிற்று என்பதை அவரும் சொல்லவில்லை, எனக்கும் அந்த அவசரத்தில் உறைக்கவில்லை.

பாலம் தூக்கியிருந்தது. அங்கே இருபது நிமிஷம். துறைமுக வாசலில் போர்ட்டர்கள் பெட்டிகளை வாங்கிக் கொண்டு விடுகிறார்கள். அவை மாலையில்தான் அறைக்கு வரும். பிஸ்கட், பேரீச்சம்பழம், குளுக்கோஸ் எல்லாம் அந்தப் பெட்டியில்! உள்ளே இன்னொரு வரிசை. நின்று கொண்டிருந்தவர் என் தோளைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது. நெற்றி எல்லாம் வியர்வை. "என்னங்க?" என்றால் பதில் குழறுகிறது. முன்னால் நின்ற அயல்நாட்டுப் பெண்மணி ஒருத்தி, ஒரு வார்த்தை கேட்காமல், தன் குழந்தைக்கு வைத்திருந்த ஆரஞ்சு ஜூஸ் டப்பாவைப் பிரித்து இவர் வாயில் வைத்தாள். ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலி கொண்டு வந்தார். கால் மணியில் தெளிந்துவிட்டார். அந்தக் கால் மணியை நான் இன்னும் மறக்கவில்லை.

ஓட்டலின் மேல் பழி போட்டுப் பயனில்லை. படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவள் நான். பில்லில் வேறு, அறை வாடகைக்கு மேல் "ரிசார்ட் கட்டணம்" என்று 45 டாலர் சேர்த்திருந்தது. எதற்கு என்றால், கடற்கரை நாற்காலிக்கும் துண்டுக்குமாம். இரவு பத்து மணிக்கு வந்து காலையில் ஓடியவர்களுக்கு நாற்காலி எதற்கு? (2025 மே 12 முதல் இப்படிக் கட்டாயமாக வசூலிக்கும் தொகையையும் சேர்த்தே வாடகையை விளம்பரப்படுத்த வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்திருக்கிறது. வரி மட்டும் இன்னும் தனியாக வரலாம், கேட்டுக் கொள்ளுங்கள்.)

ஏழு நாள் கப்பலில் சுகமாகவே போயிற்று. அதைப் பற்றி இன்னொரு சமயம்.

திரும்பி வந்தபோது நடந்தது வேறு கதை. கப்பலிலிருந்து காலை ஒன்பது மணிக்கெல்லாம் இறக்கி விட்டுவிடுகிறார்கள். அடுத்த பயணத்துக்கு அறைகளைச் சுத்தம் செய்ய வேண்டுமே. மாப்பிள்ளை பார்த்திருந்த ஓட்டல் 17வது தெருவில், பாலத்துக்கு இந்தப் பக்கம், துறைமுகத்துக்கு ஐந்து நிமிஷம். "அத்தை, பெட்டியைத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம்னுதான் பக்கத்திலேயே போட்டேன்" என்றார் பாவம். அறை மாலை நாலு மணிக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். ஏழு மணி நேரம்! வாசலில் பெரிய சாலை, கார்கள். பேத்தி, "பீச் எங்கே பாட்டி?" என்று கேட்டபடியே சோபாவில் தூங்கிப் போனாள். எனக்கோ தரை ஆடுகிறது. கப்பலில் பழகிய உடம்பு, இறங்கிய பின்னும் ஓரிரண்டு நாள் ஆடுகிற மாதிரியே இருக்கும். பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். (வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.) அந்த ஆட்டத்தோடு லாபியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதை விடக் கொடுமை வேறில்லை.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. இரண்டு ஓட்டலும் நல்ல ஓட்டல்தான். நாங்கள்தான் தலைகீழாகப் போட்டுவிட்டோம்! ஏறும் முன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் தங்கியிருக்க வேண்டும், இறங்கிய பின் கடற்கரையில்.

2025 நவம்பரில் மறுபடியும் போக நேர்ந்தபோது அப்படியே மாற்றிப் போட்டோம். ஏறும் முன் இரவுக்கு நான் படமே பார்க்கவில்லை. பெண்ணை விட்டுப் போன் செய்து கேட்கச் சொன்னேன். காலை ஆகாரம் வாடகையில் சேர்த்தியா, எத்தனை மணிக்கு ஆரம்பம்? அறையில் ஃபிரிஜ் உண்டா? குளிக்கிற இடம் தொட்டியா, நடந்து உள்ளே போகிற மாதிரியா? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அங்கே பல ஓட்டல்களில் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து இறங்கித்தான் குளிக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்கு, அதுவும் மாமியார் வயதில், ஈரத்தில் அந்த விளிம்பைத் தாண்டுவது ஆபத்து. "வாக்-இன் ஷவர்" வேண்டும் என்று சொன்னால் புரிந்து கொள்வார்கள்.

வண்டி விஷயத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. "இலவச ஷட்டில்" என்று போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் விமான நிலையத்திலிருந்து ஓட்டல் வரைக்கும்தான். ஓட்டலிலிருந்து கப்பலுக்குத் தனிக் காசு, அதற்கும் முதல் நாளே பெயர் கொடுக்க வேண்டும். நாலு பேர் இருந்தால் டாக்ஸியே மேல். ஆனால் துறைமுகத்தில் பல டெர்மினல்கள் இருக்கின்றன. உங்கள் கப்பலுக்கு எந்த எண் என்று எழுதி வைத்துக் கொள்ளாமல் ஏறாதீர்கள். இன்னொன்று, மயாமியில் ஓட்டல் மலிவாகக் கிடைக்கிறதே என்று பையன் ஆசைப்பட்டால் விடாதீர்கள். மயாமித் துறைமுகம் வேறு, இது வேறு. நடுவில் சுமார் 45 கிலோமீட்டர்.

அந்த ஓட்டலிலிருந்து நடக்கிற தூரத்தில் மருந்துக் கடையும் சூப்பர் மார்க்கெட்டும் இருந்தன. முதல் நாள் மாலையே தயிர், வாழைப்பழம், ரொட்டி வாங்கி வைத்துவிட்டேன். காலையில் தட்டை முன்னால் வைத்த பிறகுதான் ஊசி என்று சட்டம் போட்டேன். (இவருடைய டாக்டரைக் கேட்டுத்தான். ஒவ்வோர் ஊசிக்கும் நேரம் வேறு, நீங்களும் கேட்டுக் கொள்ளுங்கள்.) இன்சுலினை ஃபிரிஜின் உள் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சின்ன ஃபிரிஜ்களில் அங்கே உறைந்து போகும்; உறைந்தது உதவாது. மருந்து முழுவதும், கூடவே ஒரு ஜூஸ் டப்பாவும் நாலு பிஸ்கட்டும், கைப்பையில். பெட்டியில் அல்ல.

இறங்கிய பின் இரவுக்குக் கடற்கரை. இதற்குத்தான் காசைச் செலவழியுங்கள். ஆனால் "ஓஷன் ஃபிரண்ட்", "ஓஷன் வியூ" என்பதெல்லாம் ஒன்றல்ல. முதலாவது கடலைப் பார்த்த முன்பக்கம். இரண்டாவதில் எங்கிருந்தாவது கடல் தெரியும். "பார்ஷியல் வியூ" என்றால் பால்கனியில் நின்று கழுத்தைச் சுளுக்கிக் கொண்டால் ஒரு கீற்று தெரியும். நடுக் கடற்கரையில் ஓட்டல்களுக்கும் மணலுக்கும் இடையே ஏ1ஏ என்கிற சாலை ஓடுகிறது, அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கு நேராக ஓட்டல் அமைந்தால் பெரியவர்களுக்குச் சுலபம்.

காலை ஒன்பதரைக்கே போய்விட்டோம். பெட்டிகளை வாங்கி வைத்துக் கொண்டு துண்டு கொடுத்தார்கள். இந்தத் தடவை நாற்காலிக் காசு வீண் போகவில்லை! மதியம் ஒரு மணிக்கே அறையும் கிடைத்தது. முன்கூட்டிக் கேட்டு வைத்தால் சில சமயம் கொடுக்கிறார்கள். உயிர்காப்பாளர் மேடையில் ஊதாக் கொடி பறந்தது. ஜெல்லி மீன் மாதிரிக் கடல் பிராணிகள் இருக்கின்றன என்று அர்த்தம். மணலில் நீலப் பலூன் போல ஒன்று ஒதுங்கியிருந்தது. பேத்தி எடுக்கப் போனாள், கையைப் பிடித்து இழுத்தேன். காய்ந்து கிடந்தாலும் கொட்டும். சிவப்புக் கொடி என்றால் அலையும் இழுப்பும் கடுமை, இரட்டைச் சிவப்பு என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது.

மறுநாள் மதியத்துக்கு மேல்தான் விமானம். இளவயதுக்காரர்களானால் இந்த இரண்டாவது இரவைத் தவிர்த்து அன்று மாலையே பறந்துவிடலாம். மாமியாரோடு போகிற திருச்சிச் சகோதரி தவிர்க்க வேண்டாம். காசு பற்றாது என்று பையன் சொன்னால், முதல் இரவில் பால்கனியையும் கடலையும் விட்டுவிடச் சொல்லுங்கள். மாமியாருக்கு என்னென்ன மருந்து என்று எழுதினால், கைப்பையில் எதை எப்படி அடுக்குவது என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.