தலையெழுத்தும் தலையின் அழுத்தமும்

நமது மக்களுக்கு வியாதி வந்தாலும் சாவு வந்தாலும் சொல்லிக்கொள்ள ஒரே சமாதானந்தான் உண்டு. அது “தலையெழுத்து” என்பதாகும். எழுதியது யார் என்றால் பிரம்மா என்பார்கள். எங்கே, காட்டு என்றால், மண்டை ஓட்டில் நெளிந்து நெளிந்து ஓடும் கோடுகளைக் காட்டுவார்கள். அக்கோடுகள் குழந்தைப் பருவத்தில் தனித்தனியாயிருந்த எலும்புகள் பிறகு ஒன்றோடொன்று கூடிய பொருத்துகளேயொழிய வேறில்லை. பச்சைக் குழந்தையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்த எந்தத் தாய்க்கும் இது தெரியும். நாயின் மண்டையிலும் இதே கோடுகள் இருக்கின்றன. அதற்கும் பிரம்மா உட்கார்ந்து எழுதினார் போலும்!

எலும்புகள் கூடிய பிறகு மண்டை ஒரு மூடிய பெட்டியாகிவிடுகிறது. அதற்குள் இருப்பவை மூளை, ரத்தம், மூளையைச் சுற்றியுள்ள நீர் ஆகிய மூன்றே. இதில் ஒன்று பெருத்தால் மற்றவை ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடமில்லையென்றால் அழுத்தம் ஏறும். படுத்திருக்கும் பெரியவர்களுக்கு இது சாதாரணமாகப் பாதரச அளவில் 15 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மிஞ்சினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துபோகும்.

நெய்வேலித் தோழர்களுக்கு இதை அதிகமாக விளக்க வேண்டியதில்லை. 1957இல் வெட்டத் தொடங்கிய அந்தச் சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அடைபட்டிருக்கும் ஊற்று நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான விசையோடு மேலே முட்டுகின்றது. இரவும் பகலும் அதை இறைத்து அழுத்தத்தைத் தணித்தால்தான் சுரங்கத்தின் தரை பிளக்காமல் இருக்கும். அங்கே எந்த இஞ்சினியராவது பூமாதேவிக்குப் படையல் போட்டுவிட்டு மோட்டாரை நிறுத்தத் துணிவாரா? மண்ணின் அழுத்தத்திற்கு அளவுகோலும், மனிதன் தலையின் அழுத்தத்திற்கு ஜோசியரும் என்றால் இது என்ன நியாயம்?

நிற்க, திறந்த இருதய அறுவையைப் பார்ப்போம். 1953இல் அமெரிக்காவில் கிப்பன் என்ற வைத்தியர் இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு யந்திரத்திடம் ஒப்புவித்து அறுவை செய்து, நோயாளியைப் பிழைக்க வைத்தார். நமது வேலூரில், பெரியார் 1973இல் கடைசி மூச்சுவிட்ட அதே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், 1961இல் இவ்வறுவை நடந்தது. “உயிர் இருதயத்தில் குடியிருக்கிறது” என்றவர்களின் சாஸ்திரம், இருதயத்தை நிறுத்தி வைத்து, தைத்து, மறுபடி ஓடவிட்ட அன்றே செத்துப்போயிற்று.

ஆனால், இருதயத்தைச் சரி செய்யும்போது மூளை கெட்டுவிடக்கூடாதல்லவா? தலையிலிருந்து ரத்தத்தை இறக்கும் குழாய் சற்று மடங்கிவிட்டால் ரத்தம் தலையிலேயே தேங்கி அழுத்தம் ஏறும். மயக்கத்திலிருக்கும் நோயாளி “தலை வலிக்கிறது” என்று சொல்ல முடியாது. மண்டையைத் துளைத்துக் கருவி வைத்தால் சரியாக அளக்கலாம். ஆனால், யந்திரத்தில் ரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுத்திருக்கும் நேரத்தில் துளைத்தால் ரத்தப்போக்கு நிற்காது. ஆகவேதான் துளைக்காமல் பார்க்கும் வழிகளைத் தேடினார்கள். கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்பின் உறை, மூளையின் உறையோடு தொடர்ச்சியானது. தலைக்குள் அழுத்தம் ஏறினால் அதுவும் உப்பும். மூடிய இமையின்மேல் பசையைத் தடவி, கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் அதே ஸ்கேன் முறையில் அதன் அகலத்தை அளக்கிறார்கள். சுமார் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். நெற்றியில் ஒட்டும் வில்லையொன்று ஒளியைச் செலுத்தி மூளையின் ரத்தத்திலுள்ள பிராணவாயுவைப் பார்க்கிறது. இதற்கு வழிகாட்டியது 1977இல் ஜாப்ஸிஸ் என்பவர். நெற்றிப்பொட்டின் மெல்லிய எலும்பு வழியாக ஒலியைச் செலுத்தி ரத்த ஓட்டத்தின் வேகத்தைப் பார்ப்பதை 1982இல் ஆஸ்லிட் என்பவர் காட்டினார். அளவு தவறினால் குழாயை நிமிர்த்துவதோ, ரத்த அழுத்தத்தைக் கூட்டுவதோ அப்போதே செய்யக்கூடிய காரியமாகும்.

இவைகளெல்லாம் துளைத்து அளப்பதற்குச் சமமான துல்லியமுடையவையல்ல; ஒரு மதிப்பீடுதான். இதை வைத்தியர்களே ஒப்புக்கொள்ளுகிறார்கள். கண் நரம்பின் எல்லை எவ்வளவு என்பதிலும் அவர்களுக்குள் வாதம் இருக்கிறது. நமக்கு இதில் வெட்கமில்லை. “என் கணக்கு இவ்வளவு தூரந்தான் சரி” என்று சொன்ன ஜோசியர் ஒருவரையாவது யாரேனும் கண்டதுண்டா?

அறுவை வேண்டுமென்று வைத்தியர் சொன்ன பிறகும் “ஆடி போகட்டும், அஷ்டமி கழியட்டும்” என்று நாளைக் கடத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹோமத்திற்குக் கொடுக்கப் பணமிருக்கும். மனைவியின் அறுவைக்கு வெளியூர் போக மட்டும் பணமிருக்காது! 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இலிருந்து முதலமைச்சரின் பெயரில் நடக்கும் காப்பீடு ஏழைகளின் இருதய அறுவைக்கும் பணம் கொடுக்கிறது. அது போதாது. அப்படிச் செய்யப்படும் ஒவ்வோர் அறுவையிலும் மூளையைக் கவனிக்கும் ஏற்பாடும் சேர வேண்டும் என்பதே நமது கோரிக்கை. ஸ்கேன் கருவி பெரிய ஆஸ்பத்திரிகளில் ஏற்கனவே இருக்கிறது. வேண்டியது பழகிய கையும், கட்டாய உத்தரவுந்தான். வட்டத்தில் குவார்ட்டர்ஸ் பெற்ற நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு விதமான மண்டையும், சுற்றுக்கிராமத்து ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறு விதமான மண்டையும் இல்லை. அறுவைக்குக் கையெழுத்துப் போடும் உறவினர்கள், “மயக்கத்தில் மூளையை எதைக் கொண்டு பார்ப்பீர்கள்?” என்று வைத்தியரை மரியாதையாகக் கேட்கட்டும்.