பின் அச்சில் இருக்கிறது பிடி

பெரும்போக வயலுக்குப் பசளை போகும் நாட்களில், மழை விட்ட ஒரு காலையில் சம்மாந்துறை வட்டைப் பக்கம் போகிறவர் கண்ணில் இது படாமல் இராது. மூடைகளை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய கெப் ஒன்று வாய்க்கால் கட்டோரக் களியில் நிற்கும். சாரதி எக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, பின் டயர்களில் ஒன்று மட்டும் வெறிபிடித்துச் சுழன்று ஆட்கள் மேலெல்லாம் சேறடிக்கும். மற்றது நல்ல கிறவலில்தான் நிற்கும். ஆனால் ஓர் அங்குலம் அசையாது. "மச்சான், கொஞ்சம் தள்ளுங்க" என்றதும் நாலு பேர் சேர்வார்கள். அதிலும் சரிவராவிட்டால் பக்கத்து வயல் உழவு இயந்திரம்தான் கதி.

ஒலுவில், பாலமுனைக் கரையில் களிக்குப் பதில் மணல். மீன் பெட்டி ஏற்ற இறங்கிய வண்டி, ஐஸ் கரையுமுன் ரோட்டுக்கு ஏறியாக வேண்டும்.

இரண்டு தடவை இப்படி இறுகியவர் அடுத்துச் சொல்வது, "ஃபோர்வீல் ஒண்டு எடுக்கணும் காக்கா" என்பதுதான். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஹைலக்ஸ் ஒன்றின் விலை எங்கே போய் நின்றது என்பதைக் கல்முனையில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு சக்கர இழுவைக்காக லீசிங் கடனில் இறங்குமுன், கையில் இருக்கும் வண்டியின் பின் அச்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது புத்தி. வட்டைக்கும் கரைக்கும் ஓடும் பல கெப்களுக்கு அங்கே ஒரு லிமிட்டெட் ஸ்லிப் டிபரன்சல், சுருக்கமாக எல்.எஸ்.டி., இருந்தாலே போதும்.

டிபரன்சல் இல்லாமல் வண்டி ஒழுங்காகத் திரும்பாது. இரண்டு பின் சக்கரங்களுக்கும் இடையே ஒன்றரை மீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழு வட்டம் அடிக்கும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 9 மீற்றருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதுதான் கிரவுன் வீலின் நடுவே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களின் வேலை. வந்த இழுவிசையை அவை இரண்டு பக்கத்துக்கும் சமமாகவே பிரிக்கும். வம்பு அந்தச் சமத்தில்தான். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அளவு சுமையைத்தான் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கும் வாப்பாவைப் போல, இளையவனால் எவ்வளவு தாங்க முடியுமோ அவ்வளவைத்தான் அது மூத்தவனுக்கும் கொடுக்கும். களியில் நிற்கும் டயருக்குப் பிடி இல்லை. ஆகவே கிறவலில் நிற்கும் டயருக்கும் வலு வராது.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவு. களியில் நிற்கும் டயரால் 20 கிலோ அளவு இழுவையைத்தான் தாங்க முடியும் என்று வைப்போம். சாதாரண டிபரன்சலில் வண்டிக்குக் கிடைப்பது இரண்டு பக்கமும் சேர்த்து 40. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் விசையைப் பகிரும் எல்.எஸ்.டி. இருந்தால், பிடி உள்ள பக்கத்துக்கு 60 போகும்; மொத்தம் 80. நாலு பேர் தள்ளித் தரும் உதவியில் ஒரு பங்கு அந்த மேலதிக 40இல் வந்துவிடும்.

பெரும்பாலும் வலது பின் டயர்தான் முதலில் சுழலத் தொடங்கும் என்பதைப் பழைய சாரதிகள் அறிவார்கள். அதற்கும் காரணம் உண்டு. முன்னாலிருந்து வரும் ஷாஃப்ட் தன் சுழல்விசையால் முழு அச்சையும் ஒரு பக்கம் திருகப் பார்க்கிறது. இடது சக்கரம் தரையில் அழுந்த, வலது சக்கரம் லேசாகிறது. நம் நாட்டில் சாரதி வலப்பக்கம் இருப்பதால் அவருடைய எடை இதைக் கொஞ்சம் ஈடுசெய்கிறது. சாப்பாட்டுப் பிரியர்களுக்கு இது ஒரு சமாதானம்.

ஃபோர்வீல் என்றால் எங்கும் ஏறும் என்பதும் முழு உண்மையல்ல. முன்னும் பின்னும் சாதாரண டிபரன்சல் உள்ள நான்கு சக்கர வண்டி, முன்னால் ஒரு டயரும் பின்னால் ஒரு டயரும் பிடி இழந்தால் அங்கேயே நிற்கும். அப்போது நான்கில் இரண்டு வீணாகச் சுழலும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இது எதுவும் அம்பாறை விவசாயிக்குப் புதிதல்ல. மெஸி ஃபெர்குசன் உழவு இயந்திரத்தில் வலது குதிகாலுக்கடியில் ஒரு சின்ன மிதி இருக்கிறதே, அது டிபரன்சல் லொக். ஒரு சில்லு சேற்றில் சுழன்றால் அதை மிதிப்பார்கள். இரண்டு சில்லும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஏறிவிடும். திரும்பும்போது அதை மிதிக்கக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். உழவு இயந்திரத்தில் இருபது வருடமாக லொக் மிதித்துப் பழகியவரே தன் கெப்பின் டிபரன்சலைப் பற்றி ஒரு தடவையும் யோசித்ததில்லை என்பதுதான் வியப்பு.

எல்.எஸ்.டி. அந்த லொக்கின் நாகரிகமான தம்பி. மிதி எதுவும் இல்லை, தானாகவே இறுகும், வளைவில் விட்டுக்கொடுக்கும். இது பிறந்தது வயலில் அல்ல, ஓட்டப்பந்தயத்தில். 1930களில் ஜெர்மனியின் ஔட்டோ யூனியன் பந்தயக் கார்கள் வலு மிகுதியால் ஒரு சக்கரத்தை வீணே சுழற்றிக்கொண்டிருந்தன. அவற்றை வடிவமைத்த ஃபெர்டினண்ட் போர்ஷ அதற்கு மருந்து கேட்டுப் போனது இசட்.எஃப். நிறுவனத்திடம். அமெரிக்காவில் பக்கார்ட் நிறுவனம் 1956இல் இதை வீதிக் கார்களுக்குக் கொண்டுவந்தது.

இப்போது சந்தையில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, கிளச் தட்டுகளை அடுக்கி ஸ்பிரிங்கால் அழுத்தி வைத்தது. மற்றது, சுருள் பல்சக்கரங்களால் ஆனது. டோர்சன், ட்ரூட்ராக் எல்லாம் இந்த இனம். கிளச் வகை ஒரு டயர் முற்றாகத் தரையைவிட்டு எழும்பினாலும் கொஞ்சமாவது இழுக்கும். ஆனால் தட்டுகள் தேயும், அதற்கென்று தனிச் சேர்மானம் கலந்த கியர் ஒயில் வேண்டும். தவறான ஒயில் ஊற்றினால் சந்தி வளைவுகளில் பின்னால் கடகடவென்று உறுமும். பல்சக்கர வகையில் தேய்வதற்குத் தட்டுகளே இல்லை. ஆனால் டயர் அந்தரத்தில் தொங்கினால் அதன் பங்கு பூச்சியம். பூச்சியத்தை மூன்றால் பெருக்கினாலும் பூச்சியமே. அந்த நேரத்தில் ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்துப் பிடித்தால் சுழலும் டயருக்குச் செயற்கையாக ஒரு சுமை ஏறி, மற்றப் பக்கம் இழுக்கத் தொடங்கும். சாதாரண டிபரன்சலிலும் இந்த வித்தை ஓரளவு பலிக்கும். காசு செலவில்லை, எல்.எஸ்.டி. வாங்குமுன் ஒரு தடவை செய்து பார்க்கலாம்.

உப்புக் காற்றிலும் சேற்றிலும் ஓடி, ஒயில் மாற்றுவதை அடுத்த போகத்துக்குத் தள்ளிப்போடும் நம்மவர்களுக்குப் பல்சக்கர வகையே பொருந்தும்.

வாங்கும் வழியில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பழைய டொயோட்டா கெப்கள் பலவற்றில் டிபரன்சல் முழுத் தொகுதியாக முன்பக்கமாகக் கழன்று வரும். ஜப்பானிய வண்டிகளில் சில தொழிற்சாலையிலேயே எல்.எஸ்.டி. பொருத்தி வந்தவை, கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் அப்படியொரு தொகுதி முழுசாகக் கிடைக்க வாய்ப்புண்டு. பல்லெண்ணிக்கை விகிதம் பழையதோடு ஒத்துப்போகிறதா என்பதே முதல் கேள்வி. டொயோட்டாவில் வண்டியோடு வரும் தகட்டிலுள்ள அச்சுக் குறியீட்டில் இந்த விகிதமும் டிபரன்சல் வகையும் அடங்கியிருக்கும். ஃபோர்வீல் வண்டியில் பின் விகிதத்தை மட்டும் மாற்றினால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, கடைசியில் கியர் பெட்டிதான் உடையும்.

பழைய கிரவுன் வீலை வைத்துக்கொண்டு நடுத்தொகுதியை மட்டும் மாற்றுவதென்றால், அது கைப்பழக்கத்தால் மட்டும் முடிகிற வேலையல்ல. டொயோட்டாவின் 8 அங்குல டிபரன்சலில் கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையே விட வேண்டிய ஆட்டம் 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர். டயல் கேஜ் வைத்து அளந்து, பல்லில் வர்ணம் தடவி, உருட்டிப் பார்த்து, தடம் பல்லின் நடுவே விழுகிறதா என்று கராஜ் பாஸ் பார்க்க வேண்டும். "ஆட்டிப் பார்த்தேன், சரியாத்தான் இருக்கு" என்கிற பாஸிடம் இந்த வேலையைக் கொடுக்காமல் இருப்பதே மேல். ஊளைச் சத்தம் சில வாரங்களில் வரும். பினியன் பிறகு போகும்.

பொருத்திய பிறகும் பழக்கங்கள் சில மாற வேண்டும். ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் தேய்ந்த ரீபில்ட் டயர் என்று ஓட்டினால் நேர்ரோட்டிலேயே இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழலும். கிளச் தட்டுகள் ஓயாமல் உரசித் தேயும். ஒரு சக்கரத்தை மட்டும் ஜக் வைத்துத் தூக்கிக் கியரில் ஓடவிடும் வழக்கம் கராஜ்களில் உண்டு. எல்.எஸ்.டி. வண்டியில் அது உயிராபத்து. தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜக்கிலிருந்து தள்ளிவிடும். வெறும் கெப்பை நனைந்த தார்ரோட்டில் வளைவில் அழுத்தி மிதிக்கும் இளைஞர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். சாதாரண டிபரன்சலில் ஒரு டயர் சுழன்றாலும் மற்றது வாலைப் பிடித்து வைத்திருக்கும். எல்.எஸ்.டி.யில் இரண்டும் ஒரே நேரத்தில் விட்டால், அக்கரைப்பற்று வீதியில் வண்டியின் வால் முன்னுக்கு வந்துவிடும்.

வெள்ளம் வேறு கதை. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு மாணவர்கள் உட்படப் பல உயிர்கள் போனதை இந்தக் கரையோரம் மறக்காது. சேற்றில் பிடிப்புக்கு உழவு இயந்திரத்தை மிஞ்சிய வாகனம் நம்மிடம் இல்லை. ஒரு அடி உயரத்தில் வேகமாக ஓடும் தண்ணீரே சிறிய வாகனங்களைத் தூக்கிவிடப் போதும். தரையே தொடாத டயருக்கு எந்த டிபரன்சலும் உதவாது. எல்.எஸ்.டி. போட்டாயிற்று என்ற துணிச்சலில் கோஸ்வே மேல் ஓடும் வெள்ளத்தில் யாரும் இறங்கக் கூடாது.

கல்முனை பஸாரிலிருந்து சாய்ந்தமருதுவுக்கும் நிந்தவூருக்கும் சாமான் ஏற்றும் கெப்புக்கு இதெல்லாம் வீண்செலவு. தார்ரோட்டை விட்டு இறங்காத வண்டிக்கு நல்ல டயர் இரண்டு போட்டால் அதுவே கூடுதல். மேலே கம்பி, மேலதிக லைட், பெரிய ஸ்டிக்கர் என்று காசைக் கொட்டுகிறவர்கள் வேறு. அவர்களுக்கு எந்த ஆலோசனையும் எடுபடாது.

வட்டைக்கும் கரைக்கும் ஓடுகிறவர்களுக்கு ஓர் உதவி பக்கத்திலேயே இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அதற்கொரு பொறியியல் பீடம். வாசலைத் தாண்டினால் கடற்கரை மணல், கொஞ்சம் உள்ளே போனால் வயல் களி. ஒரே கெப்பை, ஒரே டயரோடும் ஒரே சுமையோடும் எடுத்து, டிபரன்சலை மட்டும் சாதாரணம், கிளச் வகை, பல்சக்கர வகை என்று மாற்றி, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ இழுக்கிறது என்று அளப்பது இறுதியாண்டு மாணவர்களுக்கு ஏற்ற வேலை. கிடைக்கும் எண்களை ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டு மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள கராஜ்களுக்குக் கொடுத்தால், அடுத்த பெரும்போக மழைக்கு முன்னரே எந்த வண்டிக்கு இது தேவை, எதற்குத் தேவையில்லை என்று பாஸ்மார் சொல்லிவிடுவார்கள்.