'டால்பின் – 1' என்று எழுதினால் போதுமா?

போன மாதம் காலை நடைக்குப் போனபோது கரையில் ஓர் ஓங்கில் செத்து ஒதுங்கிக் கிடந்தது. சுற்றி நின்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்த ஊழியர் நோட்டில் 'டால்பின் – 1' என்று எழுதிவிட்டுக் குழி தோண்டச் சொன்னார். "என்ன வகை என்று எழுதலையா தம்பி?" என்றேன். "செத்ததுக்கு எதுக்கு சார் வகை?" என்றார்.

நான் 34 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். பட்டாவில் 'நிலம் – 1' என்று எழுதினால் யார் ஒப்புக்கொள்வார்கள்? சர்வே எண் வேண்டாமா?

வகை பார்ப்பது பெரிய வித்தையில்லை. நீண்டு மெலிந்த மூக்கு, பக்கவாட்டில் கருஞ்சாம்பல், இளஞ்சாம்பல், வெள்ளை என மூன்று பட்டை இருந்தால் சுழல் ஓங்கில். பம்பரம்போல் சுழன்று துள்ளுவது இதுதான். உடம்பெல்லாம் புள்ளியும் மூக்கு நுனியில் வெள்ளையும் இருந்தால் புள்ளி ஓங்கில். ஆனால் குட்டிக்குப் புள்ளி இருக்காது, ஏமாறக்கூடாது. கண்ணிலிருந்து பின்பக்கம்வரை கருங்கோடு ஓடினால் வரி ஓங்கில். மூக்கே இல்லாத மொட்டைத் தலை, உடம்பெல்லாம் வெள்ளைக் கீறல் என்றால் ரிஸ்ஸோ ஓங்கில். 3 மீட்டருக்கு மேலும் வளரும். இவையெல்லாம் ஆழக்கடலில் திரிபவை. முதுகுத் துடுப்புக்கு அடியில் திமில் இருந்தால் அது கரையோரத்துக் கூனல் ஓங்கில்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு இதில் ஒரு வெட்கமும் உண்டு. அந்தக் கூனல் ஓங்கிலுக்கு, மலபார் கரையில் கிடைத்த ஒன்றை வைத்து, ஈய நிறத்தது என்று பொருள்பட 1829-இலேயே பெயர் வைத்தவர் பாரிஸிலிருந்த குவியே. நம் கடலில் கிடைத்ததை அங்கே ஒருவர் வகை பிரித்துவிட்டார். காலடியில் கிடப்பதை நாம் பிரிக்கமாட்டோமாம்!

செத்ததுக்கு எதற்கு வகை? உயிரோடு இருப்பதற்காகத்தான். சுழல் ஓங்கில் இரவில் சிறுமீனும் கணவாயும் தேடி ஆழத்தில் இரை எடுக்கும். கூனல் ஓங்கில் கரையை விட்டு அதிகம் போகாது. ஒன்றுக்கு ஆபத்து ஆழக்கடல் வலை; மற்றதற்குக் கரையோர வலையும் கழிவுநீரும். எல்லாவற்றையும் 'டால்பின்' என்று எழுதினால், எது குறைகிறது, யாரைக் கேட்பது என்று எந்த நோட்டும் சொல்லாது. கணக்கு இருக்கும், விவரம் இருக்காது.

நண்பர்களே, அடுத்த முறை பார்த்தால் செல்ஃபி வேண்டாம். தலை, முதுகுத் துடுப்பு, முழுப் பக்கவாட்டு என மூன்று படம் எடுங்கள். காலடியால் நீளம் அளந்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். குழி மூடுவதற்குள் செய்யவேண்டிய வேலை அவ்வளவுதான்.